தண்ணீர்ச் சவாரியும் சாயம் மாற்றலும்

(தோணிரேவில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த ஊருக்கு நாம் வருவது இது முதல் தடவையல்ல. முன்பு வந்தபோது சாமியாடுவதைப் பற்றியும், மந்திரித்த கயிற்றைப் பற்றியும் பேசினோம். இன்றைக்கு ஒரு ராட்டினத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்துக்கொண்டே சிரியுங்கள். ஏனென்றால், இன்றையப் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

மத்தியானம் கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்து கொண்டிருந்த ஒரு வாலிபத் தோழர் தம் செல்போனில் ஒரு சங்கதியைக் காட்டினார். “ஐயா, அமெரிக்காவிலே ஒரு சவாரியில் இருந்த பொம்மைகளை மாற்றினதற்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் வேறு வேலை கிடையாதா?” என்று கேட்டார். கேள்வி நியாயமான கேள்விதான். தனியாக அவருக்கு மாத்திரம் பதில் சொல்லுவதைவிட, எல்லோருமாகச் சேர்ந்து யோசிப்பது மேலென்று எண்ணி அதையே இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டோம்.

சங்கதி இதுதான். அமெரிக்காவில் டிஸ்னி என்று ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது. சினிமாப் படம் எடுப்பதும், கேளிக்கைப் பூங்கா நடத்துவதும் அதன் தொழில். 1955ல் கலிபோர்னியாவில் அது தன் முதல் பூங்காவைத் திறந்தது. அந்தப் பூங்காவிலே 1989ல் ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ என்று ஒரு தண்ணீர்ச் சவாரியை ஏற்படுத்தினார்கள். 1992ல் புளோரிடாவிலும் ஜப்பானில் டோக்கியோவிலும் அதைப்போலவே கட்டினார்கள். குடைந்த மரக்கட்டை போன்ற படகில் ஆட்களை உட்காரவைத்து, வாய்க்கால் வழியே மிதக்கவிட்டு, இருபுறமும் முயலும் நரியும் கரடியுமான பொம்மைகள் ஆடிப் பாடுவதைக் காட்டி, கடைசியில் ஏறக்குறைய 50 அடி உயரத்திலிருந்து ஒரே சரிவாகத் தண்ணீருக்குள் தள்ளிவிடுவார்கள். முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போடும்போது நீங்கள் காசில்லாமல் அனுபவிக்கிற பயத்தை, அவர்கள் காசு கொடுத்து வரிசையில் நின்று அனுபவிக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, முயலும் நரியும் பாடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கேதான் பழைய கதையைச் சொல்லவேண்டியதாயிருக்கிறது.

அமெரிக்காவிலே 1865 வரையில் ஆப்பிரிக்க மக்களை ஆடுமாடுபோல் விலைக்கு வாங்கி விற்கும் வழக்கம் சட்டப்படியே இருந்தது. பருத்திக் காட்டில் பகலெல்லாம் உழைத்த அந்த ஜனங்கள், இரவில் தங்கள் குடிசைகளிலே பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். கதையிலே முயல் சின்னப் பிராணி. அதற்குப் பல்லில்லை, நகமில்லை, பலமில்லை. நரியும் கரடியும் அதைத் தின்னப் பார்க்கும். முயலோ தன் புத்தியினாலே இரண்டையும் ஏமாற்றித் தப்பிவிடும். அந்தக் கதையின் அர்த்தம் என்ன? எஜமானனை எதிர்த்து வாய் திறந்தால் சவுக்கடி விழும் என்ற நிலையில் இருந்தவன், “பலமில்லாதவனும் பலசாலியை வெல்லலாம்” என்று தன் குழந்தைக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

நம் பிள்ளைகளுக்குக் கொக்கும் நண்டும் கதை தெரியும். கிழக்கொக்கு மீன்களை ஒவ்வொன்றாய் ஏமாற்றித் தின்றது. கடைசியில் நண்டு அதன் கழுத்தை இறுக்கிற்று. இந்தக் கதையை ஒரு கொக்கு எழுதினால் எப்படியிருக்கும்? “நண்டுகளெல்லாம் கொக்கு ராஜாவின் நிழலிலே பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாய் வாழ்ந்தன” என்றுதானே எழுதும்? அங்கே நடந்தது அதுதான். ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரர், சிறுவயதில் ஒரு தோட்டத்திலே வேலை பார்த்தபோது அடிமைகளிடம் கேட்ட கதைகளைச் சேர்த்து 1880ல் புத்தகமாகப் போட்டார். ‘ரீமஸ் மாமா’ என்ற ஒரு கறுப்புக் கிழவனைச் சிருஷ்டித்து, அவன் வாயால் அக்கதைகளைச் சொல்லவைத்தார். அந்தக் கிழவன் எஜமானன் வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவன். பழைய தோட்ட வாழ்க்கையை எண்ணி எண்ணி ஏங்குகிறவன்! கதையைச் சேகரித்து வைத்தது உபகாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால், அடிமை தன் விலங்கை நினைத்து ஏங்கினான் என்று எழுதினது எந்த ஊர் நியாயம்?

இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு டிஸ்னி கம்பெனி 1946ல் ‘சாங் ஆப் தி சவுத்’ என்ற படத்தை எடுத்தது. கறுப்பு மக்களின் முன்னேற்றச் சங்கத்தார் அப்போதே ஆட்சேபித்தார்கள். படத்தின் முதற்காட்சி அட்லாண்டா நகரத்தில் வெகு ஆடம்பரமாக நடந்தது. ரீமஸ் மாமாவாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட் அந்த விழாவிற்குப் போக முடியவில்லை. ஏனென்றால் அவர் கறுப்பர், அந்த ஊரோ வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பிரித்து வைத்திருந்த ஊர். திரையிலே அவர் சிரிக்கலாம், பாடலாம், வெள்ளைக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். கொட்டகைக்குள் மற்றவர்களோடு மனிதனாக உட்காரக்கூடாது! பிறகு 1948ல் அவருக்குக் கௌரவ ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கிய அந்த வருஷமே அவர் காலமாகிவிட்டார்.

இப்பேர்ப்பட்ட படத்திலிருந்து எடுத்ததுதான் அந்தச் சவாரியின் முயலும் நரியும். ஆனால் 1989ல் கம்பெனியார் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார்கள். ரீமஸ் மாமாவை எடுத்துவிட்டு அவர் இடத்தில் ஒரு தவளையைக் கதை சொல்ல வைத்தார்கள். மூலக்கதையில் முயலைப் பிடிக்க வைத்திருந்த தார்ப்பொம்மையை எடுத்துவிட்டுத் தேன்கூட்டை வைத்தார்கள். ஏனென்றால் ‘தார்ப்பொம்மை’ என்ற சொல்லே கறுப்பு மக்களை ஏசுகிற சொல்லாகப் போயிருந்தது. படத்தையோ, 1986க்குப் பிறகு தங்கள் தேசத்துக் கொட்டகைகளில் போடாமல் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கும் அங்கே விற்கவில்லை.

தோழர்களே! இந்த இடத்தைக் கவனியுங்கள். தப்பே இல்லையென்றால் ஏன் மறைக்கவேண்டும்? மறைக்கவேண்டிய அளவு தப்பென்றால் அதன் பேரில் ஏன் காசு வசூலிக்கவேண்டும்? நம் ஊர்ப் புராணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபாசத்தையும் அக்கிரமத்தையும் எடுத்துவிட்டுக் குழந்தைகளுக்கென்று அழகாகச் சொல்லுவார்கள். பிறகு யாராவது மூலத்தை எடுத்துக் காட்டினால், “இந்த நல்ல கதையிலே குற்றம் கண்டுபிடிக்கிறானே பாவி” என்பார்கள். சவாரியிலும் அப்படியே நடந்தது. முப்பது வருஷம் அதில் ஏறி இறங்கின ஜனங்கள் நிஜமாகவே “இதில் என்ன இருக்கிறது? முயல்தானே!” என்று கேட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் மறைத்தாகிவிட்டது.

2020 மே மாதத்தில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பரை ஒரு போலீஸ்காரன் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றான். அமெரிக்கா முழுவதும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் இந்தச் சவாரியை மாற்றவேண்டுமென்ற கோரிக்கையும் பலத்தது. ஜூன் மாதத்தில் கம்பெனியார், அமெரிக்காவிலுள்ள இரண்டு சவாரிகளையும் மாற்றப் போவதாக அறிவித்தார்கள். 2019லிருந்தே அதற்கான வேலை நடந்துவருவதாகவும் சொன்னார்கள். உடனே இரண்டு கட்சியாயிற்று. மாற்று என்று ஆயிரக்கணக்கானவர்களும், மாற்றாதே என்று ஆயிரக்கணக்கானவர்களும் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டார்கள்.

மாற்றாதே என்றவர்கள் சொன்ன காரணங்கள் என்ன? பார்ப்போம்.

முதலாவது, “நாங்கள் சிறுவயதிலிருந்து ஏறி மகிழ்ந்தது. எங்கள் தகப்பனார் கைபிடித்துக் கூட்டிப்போனது” என்றார்கள். இந்த வார்த்தையை நாம் வேறெங்கோ கேட்டதாக உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? “எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வருகிற வழக்கம்” என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? பாட்டனிடம் அன்பிருக்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், உன் ஞாபகம் இனிக்கிறது என்பதற்காக இன்னொருவனுடைய மானம் கசக்கவேண்டுமா? அந்தச் சவாரி மூடப்பட்டபோது நடந்ததைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். 2023 ஜனவரியில் புளோரிடாவில் மூடினார்கள். அந்தச் சவாரித் தண்ணீர் என்று சொல்லி ஜாடியில் அடைத்து இணையத்தில் விலைக்கு வைத்தார்கள்! குழாய்த் தண்ணீர்தான் தோழர்களே! காசித் தீர்த்தத்தைச் சொம்பில் அடைத்து விற்கிற நம்மூர்ப் பித்தலாட்டத்தைக் கடலுக்கு அப்பாலும் செய்ய ஆளிருக்கிறது. வழக்கம் என்பது எங்கே வேர்விட்டாலும் கடைசியில் தீர்த்தத்தில்தான் வந்து முடிகிறது.

இரண்டாவது, “அது வெறும் விளையாட்டு. விளையாட்டில் போய் மானம் பார்ப்பதா?” என்றார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம், வெறும் விளையாட்டுத்தான் என்றால் மாற்றினால் என்ன? அதே கம்பெனி 1967லிருந்து நடத்திவருகிற கடற்கொள்ளைக்காரர் சவாரியில், பெண்பிள்ளைகளைக் கயிற்றில் கட்டி ஏலம் போடுகிற காட்சியை வேடிக்கையாக வைத்திருந்தார்கள். குழந்தைகள் கைதட்டிச் சிரித்துக்கொண்டு போயின. 2018ல்தான் அதை மாற்றினார்கள். ஐம்பது வருஷ காலம் பெண்ணை ஏலம் போடுவது சிரிப்புக்குரியது என்று குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தது விளையாட்டா? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பு வைத்துச் சொன்னாலும் ஏறாத பாடம், சிரிப்போடு சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் ஏறிவிடும்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் கனமானது. அதை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. “அந்த முயல் கதைகள் கறுப்பு மக்களின் சொத்தாயிற்றே, சவாரியை எடுத்தால் அவர்கள் முன்னோரின் கதைகளும் போய்விடுமே” என்பது. இதில் நியாயமிருக்கிறது. திருடன் வீட்டிலிருந்த நகையைத் திருட்டு நகையென்று குளத்தில் எறிந்துவிட்டால் பறிகொடுத்தவனுக்கு என்ன லாபம்? நகையை உரியவனிடம் கொடுக்கவேண்டும். அக்கதைகளை அந்த மக்களே தங்கள் வாயால், தங்கள் அர்த்தத்தோடு, தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அதற்கு டிஸ்னி கம்பெனியின் பொம்மை தேவையில்லை.

இனி, மாற்றினார்களே, என்னவாக மாற்றினார்கள்? 2009ல் எடுத்த ஒரு படத்தின் கதாநாயகியாகிய டியானா என்ற கறுப்புப் பெண்ணின் பேரில் 2024 ஜூனில் புளோரிடாவிலும், நவம்பரில் கலிபோர்னியாவிலும் புதுச் சவாரி திறந்தார்கள். அவள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஓட்டலில் வேலை செய்து, காசு சேர்த்து, தானே ஒரு ஓட்டல் வைக்கப் பாடுபடுகிறவள். அந்த நகரத்தில் லியா சேஸ் என்று ஒரு சமையற்கார அம்மையார் நிஜமாகவே இருந்தார். அவர் நடத்திய ஓட்டலில்தான் கறுப்பு மக்களின் உரிமைக்காகப் போராடியவர்கள் கூடிப் பேசுவார்கள். அந்த அம்மையாரைப் பார்த்துத்தான் டியானாவை உருவாக்கினார்கள். ஆகவே இந்த மாறுதலை நாம் வரவேற்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவில்லை. உழைக்கிற பெண் உழைக்கிறவளாகவே இருந்தால் அவளுக்கு மரியாதை கிடையாதாம். கடைசியில் ஒரு ராஜகுமாரனைக் கட்டிக்கொண்டு ராஜகுமாரியாக வேண்டுமாம். அந்தப் படத்திலும் பாதிக்கு மேல் அவளைத் தவளையாக்கி வைத்துவிட்டார்கள்! புதுச் சவாரியிலும் ஒரு மந்திரக்காரக் கிழவி உண்டு. கட்டைப் படகும் அதே படகு, வாய்க்காலும் அதே வாய்க்கால், விழுகிற சரிவும் அதே சரிவு. ஏன் மாற்றினோம், முன்பிருந்தது என்ன தப்பு என்று ஏறுகிறவனுக்குச் சொல்லாமல் பொம்மையை மாத்திரம் மாற்றினால், ஒரு தலைமுறைக்குப் பிறகு, “அப்படி ஒரு தப்பே நடக்கவில்லை” என்று சாதிப்பான். அதனால்தான் சாயம் மாற்றுவது மட்டும் போதாது என்கிறோம்.

“அமெரிக்காவில் அடிமை வைத்தால் நமக்கென்ன?” என்று யாராவது கேட்கலாம். அவருக்கு இந்த ஏரியையே காட்டுகிறோம். இதோ பக்கத்தில் பழவேற்காடு. டச்சுக்காரர் 1610ல் வந்து காலூன்றி, 1613ல் ஜெல்டிரியா என்று கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமை இடம். துணி வாங்கிப் போனார்கள் என்று எல்லோரும் சொல்லுவார்கள். ஆனால் துணியோடு மனிதர்களையும் ஏற்றிப் போனார்கள் என்பதை எத்தனை பேர் சொல்லுகிறார்கள்? அந்த நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம், கஞ்சிக்கு வழியில்லாமல் தன்னையும் தான் பெற்ற பிள்ளையையும் விற்ற ஜனங்களை, நம் தேசத்துத் தரகர்களே பிடித்துக் கொடுக்க, ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இன்றைக்கு ஜகார்த்தா என்கிற பட்டாவியாவுக்குக் கொண்டுபோனார்கள். டச்சுக்காரரின் கல்லறை இன்றும் இருக்கிறது. வாயிலிலே எலும்புக்கூடு செதுக்கிய கல்லைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். கப்பலேறிப் போனவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்லும் இல்லை, பேரும் இல்லை.

இப்பொழுது ஒன்று கற்பனை செய்து பாருங்கள். நாளைக்கு ஒரு பணக்காரக் கம்பெனி இந்த ஏரிக்கரைக்கு வந்து, ‘டச்சுக் கப்பல் சவாரி’ என்று ஒன்று கட்டுகிறது. உங்களைப்போல் கறுத்த பொம்மைகள், இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, விலங்கை ஆட்டி ஆட்டிச் சந்தோஷமாகப் பாடுகின்றன. துரை பொம்மை தலையாட்டுகிறது. சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள் கைதட்டுகின்றன. உங்கள் பேரன் டிக்கட் வாங்கி அதில் ஏறிச் சிரிக்கிறான். நீங்கள் ஆட்சேபித்தால், “இதென்ன, வெறும் பொம்மைதானே!” என்கிறார்கள். உங்கள் வயிறு எரியுமா எரியாதா? எரியுமென்றால், அந்தக் கறுப்பு மக்களின் வழக்கும் உங்கள் வழக்கும் ஒன்றுதான்.

கற்பனைதானே என்று விட்டுவிடாதீர்கள். 1990களில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா அமைத்து அதற்குக் ‘கிஷ்கிந்தா’ என்று பெயர் வைத்தார்கள். கிஷ்கிந்தா என்பது இராமாயணத்தில் குரங்குகளின் ராஜ்யம். அந்தக் குரங்குகள் என்று ஏசப்பட்டவர்கள் தென்னாட்டு மக்களே என்று பெரியார் முதலானோர் வெகுகாலம் எடுத்துக் காட்டிவந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அந்த வாசலில் நின்று, “இது என்ன பெயர்?” என்று கேட்டோம்? பெயர் வைத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு நமக்குப் பழகிப் போயிற்று என்பதுதான் நாம் சொல்லுவது.

கேட்டால் மாறும் என்பதற்கும் நம்மிடமே அத்தாட்சி இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாளுக்கு ஒரு இடம், மற்றவருக்கு ஒரு இடம் என்றிருந்த பிரிவினை, ஓயாமல் கேட்டதனால் 1941ல் ஒழிந்தது. 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் ‘பிராமணாள்’ பலகைக்கு எதிராக மாதக்கணக்கில் மறியல் நடந்தது. எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள். கடைசியில் பலகை மாறியது. அப்போதும், “ஒரு பலகைக்காகவா இத்தனை?” என்றுதான் கேட்டார்கள். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசாங்கக் கணக்கிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். அந்தச் சொல் வசைபோல் ஆகிவிட்டது என்பதுதான் காரணம். நல்லது, மகிழ்ச்சி. ஆனால் பலகையில் ‘காலனி’யை அழித்துவிட்டு, டீக்கடையில் தனிக் கிளாஸும் சுடுகாட்டுக்குத் தனி வழியும் வைத்துக்கொண்டிருந்தால், அதுவும் அந்தப் பழைய வாய்க்காலில் புதுப் பொம்மை வைத்த சவாரிதான்.

கடைசியாக, உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நாம் யோக்கியர்களாக மாட்டோம். இந்த ஏரியில் வலையில்லாமல், படகில்லாமல், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலே தடவி இறால் பிடிக்கிற இருளர் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள் பேசுவதைப்போலப் பேசிக் காட்டினால் நாம் அதட்டுகிறோமா, சேர்ந்து சிரிக்கிறோமா? கூத்திலே கோமாளி வந்து, கீழே இருப்பவனைக் கேலி செய்தாலும், பெண்பிள்ளையைக் கேலி செய்தாலும் காசு வீசுகிறவர்கள் யார்? நாம்தானே! மேலே இருப்பவன் நம்மைப் பார்த்துச் சிரித்தால் அவமானம், நாம் கீழே இருப்பவனைப் பார்த்துச் சிரித்தால் வேடிக்கை என்பது சுயமரியாதையாகாது. சுயமரியாதை என்றால் தன் மானத்தைப்போலவே பிறர் மானத்தையும் எண்ணுவது.

ஆகையால் வாலிபத் தோழரே, உம்முடைய கேள்விக்கு நம் பதில் இதுதான்: அவர்களுக்கு வேலையில்லாமல் சண்டை போடவில்லை. ஒரு ஜனசமூகத்தின் துயரம் இன்னொரு ஜனசமூகத்துக்குத் தமாஷாக இருக்கலாமா என்பதே அந்தச் சண்டை. பொம்மையை மாற்றியது சரி. ஏன் மாற்றினோம் என்பதை உரக்கச் சொன்னால் அது முழுவதும் சரியாகும். அதைச் சொல்லுகிற வேலையைக் கம்பெனி செய்யாது, ஜனங்கள்தான் செய்யவேண்டும். நீங்களும் இங்கே செய்யலாம். அடுத்த தடவை வெளியூரார் யாராவது வந்து டச்சுக் கல்லறைக்கு வழி கேட்டால் வழியைக் காட்டுங்கள். காட்டிவிட்டு, “இந்தக் கரையிலிருந்து எங்கள் ஜனங்களையும் விலைக்கு ஏற்றிப் போனார்கள், தெரியுமா?” என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், தப்பென்று பட்டதைத் தள்ளிவிடுங்கள்.